எந்தக் கிளை, மாமா?

தெருவில் இருந்த ஒன்பது வீட்டுக் கதவிலும் ஒரே மாதிரி காகிதம் ஒட்டியிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த கொக்கு, பையைக்கூட இறக்காமல் தன் வீட்டுக் காகிதத்தைப் படித்தாள்.

'வரும் சனிக்கிழமை காலை நம் தெருவில் எல்லா வீட்டு மரங்களின் கிளைகளும் முழுதாக வெட்டப்படும். வியாழன் மாலை ஆறு மணிக்குக் கூட்டம். இப்படிக்கு, தெருச் சங்கம்.'

படித்து முடித்ததும் மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

கொக்கு என்பது அவளுடைய சொந்தப் பெயர் இல்லை. அவளுக்கு வயது பத்து. கால்களுக்கு மட்டும் பதினான்கு இருக்கும். அதனால் தெருவே அவளை அப்படித்தான் கூப்பிட்டது. கூப்பிட்டுக் கூப்பிட்டு அவளுக்கும் பழகிவிட்டது.

அந்த ஊரில் வெயில் என்றால் சாதாரண வெயில் இல்லை. நான்கு மாதம் வானம் அடுப்பாக எரியும். பள்ளிக்கூடத்தையே மதியம் ஒரு மணிக்கு மூடிவிடுவார்கள். வெயில் போன கையோடு காற்று வந்துவிடும். ஒரு வீட்டில் காயப்போட்ட துணியை நான்காவது வீட்டில்தான் தேட வேண்டும்.

காற்றில் கிளை முறிந்து விழுமே என்று, ஒவ்வொரு வருடமும் வெயில் முடியும் சமயத்தில் மரங்களை மொட்டையடித்துவிடுவார்கள். சென்ற வருடம் மரம் வெட்டுபவர் வருவதற்குள் காற்று முந்திக்கொண்டது. படார் படார் என்று கிளைகள் விழுந்தன. அதனால்தான் இந்த வருடம் வெயில் தொடங்கும்போதே வெட்டிவிடத் தெருச் சங்கம் முடிவு செய்திருந்தது.

கொக்கு உள்ளே எட்டிப் பார்த்தாள். முன்னறையில் அம்மா தையல் மிஷினில் குனிந்திருந்தார். தெருப் பிள்ளைகளின் பள்ளிச் சீருடையில் பாதி அந்த மிஷினில் தைத்ததுதான். ஜன்னலுக்கு வெளியே மரம் நின்றது. அதன் நிழல் சுவர் முழுக்கப் படர்ந்திருந்தது.

"அம்மா, காகிதத்தைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"இப்ப வெட்டினா இந்த ரூம் என்னத்துக்கு ஆகும்? இரண்டு வருஷம் முன்னாடி வெட்டினப்போ பத்து நாள்தான் வெயில் பாக்கி இருந்துச்சு. அந்தப் பத்து நாளே மிஷினைத் தொட முடியல. நீங்க கழுத்துல ஈரத் துண்டைப் போட்டுக்கிட்டு தச்சீங்க. இப்ப மூணு மாசத்துக்கு மேல பாக்கி இருக்கு!"

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "என்ன செய்யறது? எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணது. எனக்காக யார்கிட்டயும் போய்ச் சண்டை போடாதே."

"சண்டை போடலம்மா. பேசப் போறேன்."

"உன் பேச்சு எனக்குத் தெரியும்," என்றார் அம்மா.

தெருச் சங்கத்தின் தலைவர் முதல் வீட்டில் இருந்த பல் டாக்டர். கொக்கு போனபோது அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"டாக்டர், மரத்தை வெட்ட வேண்டாம்."

"வாயைத் திறந்ததுமே வேலையை ஆரம்பிக்கறவன் நான்தான்னு நினைச்சேன். நீ எனக்கு மேல இருக்கியே!" என்று டாக்டர் சிரித்தார். "ஏன் வேண்டாம்?"

"வெயில் அடிக்கும்."

"வெட்டலைன்னா கிளை விழும். அதுக்கு என்ன சொல்றே?"

கொக்கு ஜன்னல் வழியாக அவர் வீட்டு மரத்தைப் பார்த்தாள்.

"வியாழக்கிழமை கூட்டத்துக்கு வா," என்றார் டாக்டர். "ஆனா 'வேண்டாம், வேண்டாம்'னு மட்டும் சொன்னா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. விஷயத்தோட வா."

விஷயத்தோடு போவதென்றால் முதலில் விஷயத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கொக்கு பழைய நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். அவளுடைய நான்கு வயதுத் தம்பி, ஒட்டிய விரலை விடாத பசை மாதிரி, கூடவே வந்தான்.

"எங்கே போறோம்?"

"மரம் பாக்க."

"மரம் நம்ம வீட்டுலயே இருக்கே?"

"எல்லா மரத்தையும் பாக்கணும்டா. பேசாம வா."

ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்விதான். "போன வருஷக் காத்துல உங்க மரத்துல எத்தனை கிளை முறிஞ்சுது?" சிலர் யோசித்துச் சொன்னார்கள். ஒருவர், "உனக்கு வேற வேலை இல்லையா?" என்றார். அவரிடமும் பதில் வரும்வரை கொக்கு வாசலிலேயே நின்றாள். அவள் நிற்பதைப் பார்த்துக் கால் வலித்தது அவருக்குத்தான். "மூணு கிளை, போதுமா? போம்மா," என்றார்.

ஆறாம் எண் வீடு பூட்டிக் கிடந்தது. அந்த வீட்டுக்காரர்கள் வேலைக்காக வெளியூர் போய் ஐந்து வருடம் ஆகிறது. வெளிக் கதவில் துருப்பிடித்த பூட்டு. உள்ளே மரம் மட்டும் ஜோராக நின்றது. கொக்கு பூட்டைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள், மறுபடியும் பூட்டைப் பார்த்தாள்.

பூட்டிய வீட்டுக்குள் மரம் வெட்டுபவர் எப்படிப் போயிருப்பார்? ஐந்து வருடமாக அந்த மரத்தின் மேல் அரிவாளே பட்டிருக்காது! அப்படியென்றால் காற்றில் அதுதானே அதிகம் முறிந்திருக்க வேண்டும்?

அவள் கம்பிக்கு நடுவே முகத்தை வைத்துத் தரையைத் தேடினாள். சருகு கிடந்தது. விரல் தடிமனில் சில சுள்ளிகள் கிடந்தன. முறிந்த கிளை ஒன்றுகூட இல்லை. மரத்திலும் முறிந்த தழும்பு இல்லை.

"அக்கா, கம்பியில முகம் மாட்டிக்கிச்சா?" என்றான் தம்பி.

"இல்லடா," என்றாள் கொக்கு. அவளுக்குச் சிரிப்பு வந்தது. "விஷயம் மாட்டிக்கிச்சு."

அன்று மாலை அப்பா பஸ் டிப்போவிலிருந்து வந்ததும், அவரை ஏணியைப் பிடிக்கச் சொல்லித் தன் வீட்டு மரத்தில் ஏறிப் பார்த்தாள். முன்பு வெட்டிய தடித்த முனையில், பிரஷ் மயிர் மாதிரி பத்துப் பன்னிரண்டு குச்சிகள் நெருக்கியடித்துக்கொண்டு முளைத்திருந்தன. ஒன்றைப் பிடித்து மெல்ல இழுத்தாள். பட்டையோடு பிய்ந்து கையில் வந்துவிட்டது. பக்கத்தில் வெட்டுப்படாத பழைய கிளை ஒன்று இருந்தது. அதைப் பிடித்துத் தொங்கினாள். அது அசையவே இல்லை.

"இறங்குடி, என் உயிர் போகுது!" என்று கீழிருந்து அப்பா கத்தினார்.

புதன்கிழமை மரம் வெட்டுபவர் வந்தார். தோளில் கயிற்றுச் சுருளும் இடுப்பில் ரம்பமுமாக இருந்த ஓர் அக்கா. சனிக்கிழமைக்கு எத்தனை ஆள் வேண்டும் என்று கணக்குப் பார்க்க வந்திருந்தார். கொக்கு பின்னாலேயே போனாள்.

"அக்கா, மொட்டையடிச்ச மரத்துலதான் நிறைய முறியுது. ஆறாம் நம்பர் வீட்டு மரம் முறியவே இல்ல. சரிதானா?"

அந்த அக்கா நின்றார். "நீயா கண்டுபிடிச்சே?"

"ஆமா. எட்டு மரத்துல அஞ்சு மரம் முறிஞ்சிருக்கு. எல்லாமே வெட்டின முனையிலேருந்து வந்த குச்சிங்க."

"இந்தத் தெருவுக்கு ஏழு வருஷமா வர்றேன். வெட்டுன்னு சொல்வாங்க, வெட்டுவேன். எப்படி வெட்டணும்னு ஒருத்தர்கூடக் கேட்டதில்ல."

"இப்ப நான் கேக்கறேன். எவ்வளவு நாளைக்கு ஒரு தடவை வெட்டணும்?"

அக்கா தரையில் உட்கார்ந்தே விட்டார். அவர் சொல்லச் சொல்லக் கொக்கு எழுதிக்கொண்டாள். வளர்கிற மரத்தை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். நன்றாக வளர்ந்த மரம் என்றால் நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை. காய்ந்துபோன கிளையையும் ஆபத்தான கிளையையும் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். மற்றதை எல்லாம் வெயில் தணிந்த பிறகுதான் தொட வேண்டும். எப்போது வெட்டினாலும் நாலில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது.

"வெயில்ல மொட்டையடிச்சா அடிமரம் வெந்து பட்டை வெடிச்சிடும்," என்றார் அக்கா. "இலைதானே அதுக்குக் குடை?"

"இதையெல்லாம் நீங்களே கூட்டத்துல சொல்லலாமே அக்கா?"

"கூட்டத்துக்கு என்னை யாரு கூப்பிட்டா?" என்று சொல்லிவிட்டு அக்கா அடுத்த வீட்டு மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

வியாழக்கிழமை கூட்டம் பல் டாக்டரின் வீட்டிலேயே நடந்தது. நோயாளிகள் உட்காரும் நாற்காலிகளில் தெருக்காரர்கள் உட்கார்ந்தார்கள். மேஜை மேல் தலையணை அளவுக்கு ஒரு பொம்மைப் பல் இருந்தது. கொக்கு எழுந்து நின்றாள். நோட்டைத் திறந்தாள்.

எட்டு மரம், ஐந்து மரத்தில் முறிவு, பூட்டிய வீட்டு மரம், பிய்ந்து வந்த குச்சி, எத்தனை வருடத்துக்கு ஒருமுறை, எந்தக் காலத்தில் என்று ஒன்று விடாமல் சொன்னாள். கடைசியில் டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"வலிக்கிற பல்லைத்தானே நீங்க எடுக்கறீங்க, டாக்டர்? வருஷா வருஷம் எல்லாருக்கும் எல்லாப் பல்லையும் எடுத்துடறீங்களா?"

அறை முழுக்கச் சிரிப்பு. டாக்டரும் சிரித்தார். "எடுத்துட்டா அப்புறம் என்கிட்ட யாரு வருவாங்க?"

ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கொக்கு வீட்டுக்குப் பக்கத்தில் கடிகாரம் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர். எல்லோருக்கும் அவர் கடிகார மாமா.

"பல்லு என் கூரை மேல விழாது," என்றார் அவர். "போன வருஷம் இந்தப் பொண்ணு வீட்டுக் கிளைதான் என் தகரக் கூரையில விழுந்துச்சு. அஞ்சு மணி மூணு நிமிஷத்துக்கு. இந்த வருஷமும் விழணுமா?"

சிரிப்பு அடங்கிவிட்டது. டாக்டர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அவங்கவங்க வீட்டு மரத்தை அவங்கவங்களே முடிவு பண்ணட்டும். ஆனா பக்கத்து வீட்டுக் கூரைக்கு ஆபத்துன்னா, அந்த வீட்டுக்காரர் சம்மதம் வேணும். அவர் சம்மதிக்கலைன்னா சனிக்கிழமை வெட்டறதுதான்."

"நான் சம்மதிக்கல," என்று சொல்லிவிட்டுக் கடிகார மாமா எழுந்து போனார்.

வீட்டுக்கு வரும் வழியில் கொக்கு ஒவ்வொரு மரமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தாள். அம்மா அவள் தோளில் கை போட்டார். "போனா போகட்டும். நீ சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டே."

"இன்னும் ஒரு நாள் இருக்கும்மா," என்றாள் கொக்கு.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் அவள் நேராகக் கடிகாரக் கடைக்குப் போனாள். நோட்டைப் பையிலிருந்து எடுத்தாள். வாசலில் நின்றதும் அதைத் திறக்கத் தோன்றவில்லை.

உள்ளே கடிகார மாமா கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு குனிந்திருந்தார். மேஜையில் வெள்ளைத் துணி. துணி மேல் கடுகைவிடச் சிறிய சக்கரங்களும் திருகுகளும் இருந்தன. தலைக்கு மேலே தகரக் கூரை வெயிலில் காய்ந்து 'டக், டக்' என்று வெடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு 'டக்'குக்கும் கடிகார மாமாவின் இரண்டு கைகளும் தாமாகவே மேஜையை மூடிக்கொண்டன. அடை காக்கும் கோழி மாதிரி.

கூரையில் பானை அளவுக்கு ஒரு குழி. அதன் நடுவே ஒட்டுப்போட்ட தகரம். அந்தக் குழி சரியாக மேஜைக்கு மேலே இருந்தது.

கொக்குவுக்குத் தான் கொண்டுவந்த கணக்கெல்லாம் மறந்துபோயிற்று.

"அன்னைக்கு நீங்க இங்கேதான் உக்காந்திருந்தீங்களா மாமா?"

கடிகார மாமா நிமிர்ந்தார். கோபமாக ஏதோ சொல்ல வந்தவர் போலத் தெரிந்தது. ஆனால் பார்வை கூரைக்குப் போனது.

"இங்கேதான்," என்றார். "ஒரு கடிகாரத்தை முழுசாப் பிரிச்சு வச்சிருந்தேன். நூத்தி இருபது துண்டு. படார்னு விழுந்துச்சு பாரு, எல்லாம் சிதறிப் போச்சு. நாலு நாள் தரையில தவழ்ந்து தேடினேன். ரெண்டு திருகு இன்னும் கிடைக்கல."

"பயந்துட்டீங்களா?"

"இந்த வயசுல பயம் என்ன பயம்?" என்றார் அவர். கூரை 'டக்' என்றது. கைகள் மேஜையை மூடின. அவர் கொக்குவைப் பார்த்தார். "கொஞ்சம்," என்றார்.

கொக்கு வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்தாள். அவர்கள் வீட்டு மரம் கடையின் பாதிக் கூரை வரை பரவியிருந்தது.

"எந்தக் கிளை, மாமா?"

"என்னது?"

"எந்தக் கிளை விழும்னு பயப்படறீங்க? எல்லாமேவா?"

கடிகார மாமா எழுந்து வந்தார். பூதக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். "அதோ, அந்த வெட்டின முனையிலேருந்து என் மேஜைக்கு நேரா நீட்டிக்கிட்டு இருக்கே, அந்த ஒண்ணுதான். ராத்திரியெல்லாம் அது ஆடற மாதிரியே இருக்கும்."

"அதை மட்டும் எடுத்துட்டா?"

அப்போது கூரையின் சத்தம் குறைந்தது. இரண்டு 'டக்'. பிறகு ஒன்று. பிறகு அதுவும் இல்லை. கொக்கு நின்ற இடத்தில் நிழல் வந்திருந்தது.

"மணி என்ன மாமா?"

"ஒண்ணு நாப்பது. தினமும் இந்த நேரத்துக்குக் கூரை அடங்கிடும். அப்புறம்தான் சின்னத் திருகையெல்லாம் கையில எடுப்பேன். வெயில்ல விரல் வேர்த்தா வழுக்கிடும்."

"ஏன் அடங்குதுன்னு தெரியுமா?"

கடிகார மாமா மேலே பார்த்தார். கூரையின் மேல் மரத்தின் நிழல் ஊர்ந்துகொண்டிருந்தது. மொத்தத் தெருவுக்கும் நேரம் சொல்கிறவர், இதைப் பார்க்காமல் இத்தனை வருடம் இருந்துவிட்டார்.

"அட!" என்றார். அவ்வளவுதான்.

பிறகு கொக்கு பக்கம் திரும்பினார்.

"அந்த ஒண்ணை எடுத்துடணும். முழுசா."

"எடுத்துடலாம்."

"மத்தது பத்திரமா இருக்கான்னு மாசத்துக்கு ரெண்டு தடவை நீ ஏறிப் பாத்து எனக்குச் சொல்லணும்."

"சொல்றேன். அப்பா ஏணி பிடிப்பாரு."

"நேரத்துக்கு வரணும்."

"அஞ்சு நிமிஷம் முன்னாடியே வர்றேன் மாமா!"

சனிக்கிழமை காலை மரம் வெட்டும் அக்கா ஏறினார். அந்தக் கிளையைக் கயிற்றால் கட்டி, கயிற்றின் மறுமுனையை அப்பா கையில் கொடுத்தார். முதலில் கிளையின் அடிப்பக்கத்தில் கொஞ்சம் அறுத்தார். பிறகுதான் மேலிருந்து அறுத்தார். அப்போதுதான் பட்டை உரியாதாம். கிளை மெதுவாக, தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் இறக்குவது போல இறங்கியது. கடிகார மாமா உள்ளே மேஜையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டிருந்தார். கூரையில் ஓர் இலைகூட விழவில்லை.

தெருவே வேடிக்கை பார்த்தது. "எங்க மரத்தையும் வெயில் போன அப்புறமே பாத்துக்கலாம்," என்றது நான்காம் வீடு. ஐந்தாம் வீடும் எட்டாம் வீடும் அதையே சொல்லின. பல் டாக்டர், "என் மரத்துல வலிக்கிற கிளை எதுன்னு சொல்லும்மா," என்று அந்த அக்காவைக் கையோடு அழைத்துப் போனார். இரண்டு வீட்டுக்காரர்கள் மட்டும், "சொன்னா சொன்னதுதான்," என்று மொட்டையடிக்கச் சொன்னார்கள். அக்கா பெருமூச்சு விட்டுவிட்டுப் போய் வெட்டினார். கொக்கு கெஞ்சிப் பார்த்தாள். பலிக்கவில்லை. அன்று மத்தியானம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

வெயில் உச்சத்துக்கு ஏறியது. மூன்று மாதம் காய்ச்சி எடுத்தது. அம்மா நிழலில் உட்கார்ந்து நூற்றுக்கும் மேல் சீருடை தைத்தார். மொட்டையடித்த இரண்டு மரங்களின் பட்டையும் நீளமாக வெடித்தது. கொக்கு தினமும் சாயங்காலம் அவற்றின் வேருக்கும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினாள். அந்த வீட்டுக்காரர்கள் முதலில் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்கள். பிறகு அவர்களே வாளியை வாங்கிக்கொண்டார்கள்.

வெயில் தணிந்த வாரமே மரம் வெட்டும் அக்கா வந்து, நெருக்கியடித்த குச்சிகளில் நல்லதாக ஒன்றிரண்டை விட்டுவிட்டு மற்றதை எடுத்தார். பின்னாலேயே காற்று வந்தது. ஒரு மாலை முழுக்கக் கதவும் ஜன்னலும் அடித்துக்கொண்டன. கொக்கு ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மரம் இந்தப் பக்கம் வளைந்தது. அந்தப் பக்கம் வளைந்தது. காற்று கிளைகளுக்கு நடுவே புகுந்து போய்விட்டது.

மறுநாள் காலையில் கடிகார மாமா வந்து நின்றார். முகம் கடுகடுவென்று இருந்தது. அப்பா, அம்மா, கொக்கு, தம்பி நாலு பேரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"உங்க மரத்துலேருந்து விழுந்துச்சு," என்று கையை நீட்டினார். பென்சில் நீளத்தில் ஒரு சுள்ளி.

"கூரைக்கு ஒண்ணும் ஆகலையே மாமா?" என்று கொக்கு பயந்துகொண்டே கேட்டாள்.

"கூரைக்கா? நான் நல்லாத் தூங்கினேன்!" என்றவர், அதற்கு மேல் அடக்க முடியாமல் வாய்விட்டுச் சிரித்தார்.

அந்த வாரக் கூட்டத்துக்கு மரம் வெட்டும் அக்காவையும் கூப்பிட்டிருந்தார்கள். நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவர் சொல்லச் சொல்ல, எந்த வீட்டு மரத்தை எந்த வருடம் பார்க்க வேண்டும் என்று கொக்கு பெரிய காகிதத்தில் எழுதினாள். ஒரு வீட்டுக்கு இரண்டு வருடம். ஒரு வீட்டுக்கு நான்கு. பட்டை வெடித்த இரண்டையும் அடுத்த வருடமே வந்து பார்ப்பதாக அக்கா சொன்னார். தன் வீட்டுக்கு நேராகக் கொக்கு 'மூன்று வருடம் கழித்து' என்று எழுதினாள்.

தம்பி அவள் முழங்கையைச் சுரண்டினான்.

"மூணு வருஷம் வரைக்கும் மரத்துக்கு என்னக்கா வேலை?"

கொக்கு பேனாவை மூடினாள்.

"வளர்றதுதான்," என்றாள்.